வானம் பார்க்க ஓர் ஆள்

ஸ்கூடாய், ஜொகூர் பாரு
ஆடி வெள்ளி, மாலை

அன்பு மகன் ஹேமநாதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. எங்கள் மூவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை தம்பி, மனசுக்குத்தான் இரண்டு வாரமாகக் காய்ச்சல். நீ அங்கே டப்ளின் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனைந்த சட்டையோடு உலாத்தாமல், மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்ற கால்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று கோயிலில் உன் பெயருக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், பதிலுக்கு நானும் கத்துவேன், பக்கத்து வீட்டுக்காரி தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பாள். காகிதத்தில் சொன்னால் முடிவு வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும். சதாசிவம் மாமாவின் மகள் மலர் வியாழக்கிழமை அங்கே படிக்கக் கிளம்புகிறாள். அவள் பெட்டியில் மிளகாய்த்தூள், நெத்திலி சம்பல், அப்பா வாங்கி வைத்திருக்கும் சட்டைகள் எல்லாவற்றோடும் இதையும் வைத்து அனுப்புகிறேன். சம்பல் புட்டியை அந்தப் பிள்ளைக்கு முன்னால் திறக்காதே, அவள் அம்மா கொடுத்தனுப்பும் புட்டியைவிட உன்னுடையது பெரியது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ உன் தங்கையைக் கூப்பிட்டு, உனக்கு மூளையே இல்லை, அந்த வேலையை விடு, இல்லாவிட்டால் எனக்குத் தங்கச்சியே இல்லை என்று கத்தினாயாம். அன்றிலிருந்து உன் பெயரை எடுத்தாலே லோஷினி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகிறாள். நீ சொன்னது எனக்கும் சம்மதம்தான், சொன்ன விதம்தான் கேடு. அப்பா உனக்குப் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார். விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துக் காஸ்வே பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போய், இருட்டின பிறகு திரும்புகிற மனிதருக்கு இந்த வீட்டில் நடப்பது எல்லாமே பாதி பாதியாகத்தான் தெரியும். அவள் முங்கிச் சாகப் பார்த்தாள் என்பது மட்டும்தான் அவர் மண்டையில் நிற்கிறது. முழுசையும் நான் சொல்கிறேன், அப்புறம் யார் மேல் கோபப்பட வேண்டும் என்று நீயே முடிவு பண்ணு.

நம் பாப்பா லோஷினி என்ன வேலை செய்கிறாள் என்று உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். தெரியாது. பொந்தியான் மாவட்டத்தின் கோடியில், புலாய் ஆறு கடலில் விழுகிற இடத்துக்கு வெளியே ஒரு நீண்ட மணல்திட்டு இருக்கிறது. மற்ற நாட்களில் அங்கே கடல் மட்டும்தான் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும் விடியற்காலைகளில் மட்டும் திட்டு முதுகைக் காட்டும், கொஞ்ச நேரத்தில் மறுபடி முழுகிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இவளும் கூட வேலை செய்கிறவர்களும் படகில் போய் இறங்கி, கயிற்றை நேராக இழுத்துக் கட்டி, கயிற்றோடு நடந்து நடந்து, பிவிசி குழாயில் செய்த ஒரு சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அந்தச் சட்டத்துக்குள் எவ்வளவு கடற்புல், எவ்வளவு வெறும் சேறு, என்ன புல், என்ன பூச்சி என்று குனிந்து பார்த்துப் படம் எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் புள்ளிகள் எல்லாம் அதே ஆபீஸில் இருக்கும் என் கம்ப்யூட்டருக்கு வரும். வீட்டுமனைக்கு எல்லைக்கோடு போட்டுக்கொண்டிருந்த உன் அம்மா இப்போது கடலுக்கு வரைபடம் போடுகிறாள், தெரிந்துகொள். அடர்ந்த புல்லுக்குக் கரும்பச்சை, மெல்லிசுக்கு இளம்பச்சை, சேற்றுக்கு மண்நிறம். யாரும் கால் வைக்காத இடத்துக்கு வெள்ளை.

இந்த வெள்ளையில்தான் வில்லங்கம். தூர்வாரி எடுக்கும் சேற்றைக் கொட்ட ஒரு கம்பெனி அந்தப் பக்கம் இடம் தேடிக்கொண்டிருக்கிறது. எங்கள் வரைபடம் வருகிற புதன்கிழமை அதிகாரிகள் கைக்குப் போக வேண்டும். பச்சை இருக்கிற இடத்தில் கொட்ட விடமாட்டார்கள். வெள்ளையாக இருந்தால், அங்கேதான் ஒன்றுமே இல்லையே, பிறகு என்ன தடை என்று கேட்டுவிட்டு அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்வார்கள். அளக்கவில்லை என்பதும் ஒன்றும் இல்லை என்பதும் பார்க்கிறவன் கண்ணுக்கு ஒரே வெள்ளைதானே. திட்டின் நடுவில் இரண்டு கயிறு அளவுக்கு எங்கள் வரைபடம் இன்னும் வெள்ளையாகக் கிடக்கிறது. அது வெள்ளையாகக் கிடப்பதற்குக் காரணம் போன அமாவாசையன்று அடித்த காற்றுமழை.

நீ இங்கே இருந்தபோது பார்த்திருப்பாய், விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று காற்றும் மழையுமாக அடிக்குமே, அது. திட்டில் இறங்குகிறவர்களில் ஒருவர் எதையும் அளக்காமல், எதையும் குனிந்து பார்க்காமல், வானத்தையும் தண்ணீரையும் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது இவர்கள் வேலையில் ஒரு ஒழுங்கு. அன்றைக்கு அந்த ஆளுக்குக் காய்ச்சல். சின்ன வேலைதானே, சட்டென்று முடித்துவிடலாம் என்று பாப்பாவும், அவளோடு வேலை செய்கிற ரூபினியும், தலைமை ஆள் ஸ்ரீதரனும் மட்டும் இறங்கிவிட்டார்கள். படகுக்காரர் பாக் இட்ரிஸ் ஆழமான பக்கம் படகை நிறுத்திக் காத்திருந்தார். அன்று பார்த்துக் கயிற்றின் கடைசியில் புல்லுக்கு நடுவே உழுதது மாதிரி ஒரு நீளத் தடம். கடல்பசு, மலாய்க்காரர்கள் டுயோங் என்பார்களே, அது மேய்ந்துகொண்டே போன தடம். அது இன்னும் அளக்காத பக்கமாகப் போயிருந்திருக்கிறது. கேட்க வேண்டுமா, மூன்று தலையும் கீழே. பிடரியில் குளிர்காற்று பட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தபோது மேற்கே நின்ற கப்பல்களில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லையாம்.

திரும்பி வரும் வழிக்காக இவர்கள் மூங்கில் கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டி வைப்பார்கள். அந்தப் பக்கத்து மீனவர்களும் வலை கட்டுவதற்கு மூங்கில்தான் நடுவார்கள், அவர்களும் சிவப்புத் துணிதான் கட்டுவார்கள். அந்த மழையில் பாப்பா முன்னால் போய்க் கம்பு கம்பாகப் பிடித்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள், தங்கள் கம்பு என்று நினைத்து வலைக்கம்பைப் பிடித்துக்கொண்டு. தண்ணீர் குறைய வேண்டிய இடத்தில் இடுப்புக்கு ஏறி, நெஞ்சுக்கு ஏறி, ரூபினி குள்ளம், அவளுக்குக் கழுத்துக்கே வந்துவிட்டது. அந்தப் பிள்ளை வழுக்கித் தண்ணீர் குடித்து, பாப்பா அவள் பைவாரைப் பிடித்து இழுத்திருக்கிறாள். படகில் பாக் இட்ரிஸ் இரும்புக் கம்பியால் தகரத்தை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாராம். அந்தச் சத்தம் தப்பான பக்கத்தில் கேட்கிறதே என்று ஸ்ரீதரனுக்கு உறைத்து, மூன்று பேரும் திரும்பிச் சத்தத்தை நோக்கி நடந்து தப்பித்தார்கள். வீட்டுக்கு வந்தவள் குளித்தாள், சோறு போட்டுத் தின்றாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் ரூபினியின் அம்மா புஷ்பவள்ளி போனில் அழுதபோதுதான் எனக்கே தெரியும்.

இந்தப் பௌர்ணமித் தண்ணீரில் மறுபடி போய் மீதியை அளக்கப் போகிறேன் என்கிறாள். புதன்கிழமைக்கு முன்னால் நடுத்திட்டு வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் வற்றுவது ஞாயிறு ஒரு நாள்தானாம். நான் கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். பசித்ததுதான் மிச்சம், அவள் மசியவில்லை. அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன், அதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. முந்தாநாள் புதன்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது வரைபடத்தைத் திறந்து, அந்த வெள்ளைக்கு இந்தப் பக்கத்துப் புள்ளிகளையும் அந்தப் பக்கத்துப் புள்ளிகளையும் எடுத்து நடுவில் நிரப்பிவிட்டேன். இரண்டு பக்கமும் பச்சை, நடுவில் மட்டும் வேறு என்னவாக இருந்துவிடப் போகிறது? ஓரத்தை இயற்கையாக வளைத்து, அடர்த்தியை மெல்ல மெல்லக் குறைத்து, எவன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி போட்டேன். வெள்ளையே இல்லையென்றால் அவள் போக வேண்டியதில்லை, சேறு கொட்டுகிறவனுக்கும் இடமில்லை, எல்லாருக்கும் நல்லதுதானே என்று என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

உன் தங்கை அதைப் பார்த்துவிட்டாள். சாயங்காலம் காரில் வரும்போது, ஸ்கூடாய் டோல் நெரிசலில் வண்டி நகராமல் நிற்கையில் கேட்டாள், மா, அந்த எடத்துல யாரு கால் வெச்சா என்று. நான் முன்னால் நின்ற லாரியின் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்க அதுல பூசினது புல்லு இல்லம்மா, உங்க பயம், என்றாள். அந்த ஒரு எடம் பொய்யின்னு தெரிஞ்சா, நாங்க முட்டி தேய நடந்து அளந்த மத்த எல்லாத்தையும் பொய்யின்னு தூக்கி வீசிடுவாங்க, அப்ப மொத்தத் திட்டுலயும் சேறு கொட்டலாம், அதானே வேணும் அவங்களுக்கு என்றாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆமாண்டி, பயம்தான், பெத்தவளுக்குப் பயம் வராம புல்லுக்கா வரும் என்று கத்தினேன். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், அவனையும் சேர்த்துத் திட்டினேன். மறுநாள் காலையில் நானே போய்ப் பூசியதை அழித்து மறுபடி வெள்ளையாக்கிவிட்டேன். மனசு மாறி அழித்தேன் என்று நினைக்காதே, அவள் ஸ்ரீதரனிடம் போய்ச் சொல்வதற்குள் அழித்தேன்.

இன்று கோயிலில் கூழ் ஊற்றும் வரிசையில் நிற்கும்போது அவளிடம் சொன்னேன், போவது என்று முடிவு பண்ணிவிட்டாய், வானம் பார்க்க இந்தத் தடவை யார் என்று. முந்தி பார்த்தவர் காய்ச்சல் தேறினாலும் வரமாட்டேன் என்றுவிட்டாராம், வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறாளாம். தேட வேண்டாம், நான் வருகிறேன் என்றேன். அலமாக், நீங்க அங்க வந்து என்னா பண்ணப் போறீங்க, படகுல ஏறினாலே வாந்தி எடுப்பீங்க லா என்று சிரித்தாள். எடுக்கிறேன், எடுத்துக்கொண்டே பார்க்கிறேன் என்றேன். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சரி என்றாள். ஞாயிறு விடிகாலை புறப்பாடு. இதை உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் இரண்டு பேரையும் அறையில் போட்டுப் பூட்டுவார்.

ஞாயிறு, விடியவில்லை

படகுத்துறையில் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு இரண்டு வரி எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அப்பாவிடம் நேற்று சொன்னேன். கத்துவார் என்று பார்த்தால், கத்தவில்லை. ரொம்ப நேரம் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு மிதவைச் சட்டையையும் அவரே காரில் வைத்திருக்கிறார். பாப்பா வழியெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தாள். மேகத்தைப் பார்க்காதீங்க, மேகம் ஏமாத்தும், கப்பலைப் பாருங்க என்கிறாள். மேற்கே நங்கூரம் போட்ட கப்பல்கள் வரிசை வரிசையாக நிற்குமாம். கோடியில் இருக்கும் கப்பல் மங்கினால் மழை கிளம்பிவிட்டது என்று அர்த்தம், அடுத்த வரிசையும் மங்கினால் நேரமில்லை என்று அர்த்தம். விசில் ஊதிவிட்டால் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது, கயிற்றைக்கூட எடுக்காமல் படகுக்கு வந்துவிட வேண்டும், அதுதான் சட்டம் என்றாள். விசிலை அவளே என் கழுத்தில் மாட்டிவிட்டாள். வாயில் ஆசாம்போய் உப்புப்பழம் ஒன்றை அடக்கிக்கொண்டிருக்கிறேன், புளிப்பு குமட்டலுக்கு நல்லது என்று ரூபினி கொடுத்தது. அந்தப் பிள்ளையும் வந்திருக்கிறது தம்பி, கழுத்துவரை தண்ணீரில் நின்ற பிள்ளை. கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

திங்கள், மாலை

கை கால் எல்லாம் வலி. படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

திட்டில் இறங்கியதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை நாளாகத் திரையில் விரல் நீளத்துக்குப் பார்த்த இடம், நிற்கும்போது முடிவே இல்லாமல் கிடக்கிறது. காலடியில் என்னென்னவோ ஊர்கிறது, நண்டு, சிப்பி, மஞ்சளாய் ஒரு நட்சத்திர மீன். குனிந்துவிட்டேன். மா, கீழ பாக்காதீங்க என்று பாப்பா அங்கிருந்து அதட்டினாள். பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று கப்பல்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கண்தான் அங்கே, காது இங்கே. ஸ்ரீதரன் கயிற்றை இழுத்துக் கட்டினார், ரூபினி சட்டத்தை வைத்தாள், பாப்பா குனிந்து பார்த்து, கொசோங் என்றாள். ஒன்றுமில்லை என்று. அடுத்தது, கொசோங். அதற்கடுத்ததும் கொசோங். புல்லின் வேரெல்லாம் செத்துக் கறுத்து, மேலே மெழுகின மாதிரி சேறு மூடிக் கிடக்கிறதாம். நான் கரும்பச்சை பூசினேனே, அதே இடம். திரும்பிப் பார்க்க எனக்கு அனுமதியில்லை, பார்க்கவும் மனசில்லை. ஒவ்வொரு கொசோங்குக்கும் முகத்தில் தண்ணீர் தெளித்தது மாதிரி இருந்தது. அவள் ஒரு தடவைகூட என்னைக் குத்திக் காட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

இரண்டாவது கயிற்றில் சத்தம் மாறியது. புல்லு, புல்லு, நல்ல புல்லு என்று ரூபினி கத்தினாள். கொஞ்சம் பொறுத்து பாப்பா, மா, தடம், தடம் போய்க்கிட்டே இருக்கு, ரெண்டு தடம், ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது என்றாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மிட்டாய்க்குக் கத்துகிற அதே குரல். தாயும் குட்டியும் சேர்ந்து மேய்ந்திருக்கிறது தம்பி. எனக்கும் ஓடிப்போய்ப் பார்க்கத்தான் ஆசை. அப்போதுதான் கோடியில் நின்ற கப்பல் சரியாகத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியில் உப்புத்தண்ணீர் என்று நினைத்துக் கழற்றி முந்தானையைத் தேடினேன், சட்டையும் கால்சட்டையும் போட்டிருக்கிறேன், முந்தானை ஏது? கையாலேயே துடைத்துப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கப்பல் இல்லை. தலைக்கு மேலே வானம் வெளுப்பாகத்தான் இருக்கிறது, ஒரு தூறல்கூட இல்லை. இவர்களுக்கு இன்னும் கயிற்றில் பாதிகூட முடியவில்லை.

அந்த நேரத்தில் நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது ஊதினால் தடம் போகிற இடம் வெள்ளையாகவே நின்றுவிடும், தாயும் குட்டியும் மேய்கிற இடத்தில் சேற்றைக் கொட்டுவான், அதற்கு நான்தான் காரணம். மழை வராமல் போய்விட்டால், பாருங்க, மறுபடி உங்க பயம்தான் என்று அவள் ஆயுசுக்கும் சொல்வாள். ஊதாவிட்டால், அதை எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. இன்னும் ஒரு சட்டம் வைக்கட்டும், இன்னும் ஒன்று என்று விட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்த வரிசையில் ஒரு கப்பலின் பின்பக்கம் கரைகிறது. ஊதினேன். முதல் ஊதலில் எச்சில்தான் வந்தது. தம் பிடித்து மறுபடி ஊதினேன், என் காதே அடைத்துவிட்டது.

அவள் நிமிர்ந்தாள். வானத்தைப் பார்ப்பாள், ஏம்மா, ஒண்ணுமே இல்லையே என்று கேட்பாள் என்று நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் வானத்தைப் பார்க்கவே இல்லை தம்பி. என்னைத்தான் பார்த்தாள். கையில் இருந்த சட்டத்தை அப்படியே கீழே போட்டாள், ரூபினி கையைப் பிடித்தாள், நடந்து வந்துவிட்டாள். அந்தத் தடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்ரீதரனும் கயிற்றை விட்டுவிட்டு வந்தார். நாங்கள் ஏறி, பாக் இட்ரிஸ் ஆற்று முகத்துக்குள் படகைத் திருப்புவதற்குள் அடித்ததே ஒரு அடி! படகின் முன்பக்கம் எனக்குத் தெரியவில்லை. மழைத்துளி கல் மாதிரி முகத்தில் விழுகிறது. திட்டு இருந்த இடத்தில் வெள்ளை நுரை மட்டும்தான் தெரிந்தது. நான் படகு ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு, தின்னது தின்னாதது எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். பாப்பா என் மிதவைச் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி முடியாமல் போச்சே, நான் பயந்துதான் ஊதிட்டேன் பாப்பா என்று அழுதேன். அவள் என் காதில் வாயை வைத்துக் கத்திச் சொன்னாள், பயந்துதான் ஊதணும்மா, அதுக்குத்தான் ஆள் வெக்கிறது என்று.

அலையாத்திக் காட்டு ஓடைக்குள் ஒதுங்கி மழை விடும்வரை நின்றோம். பாக் இட்ரிஸ் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்து, அக்கா அடுத்த தடவையும் வருவீர்களா என்று மலாயில் கேட்டார். வாந்தி வாயோடு ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ரூபினி அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, யோகேஸ்வரி ஆண்ட்டி ஊதினாங்கம்மா என்றாள். புஷ்பவள்ளி அந்தப் பக்கம் அழுதது எனக்கே கேட்டது. கரைக்கு வந்தால் படகுத்துறைக் கோப்பிக்கடையில் உன் அப்பா உட்கார்ந்திருக்கிறார். ஸ்கூடாயிலிருந்து அவ்வளவு தூரம் மழையில் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார், உள்ளாடை வரை நனைந்து. எங்களைப் பார்த்ததும், ரொட்டி சானாய் இருக்கு, சாப்பிடுறீங்களா என்றார். மகளைத் தொட்டுப் பார்க்கக்கூட அவருக்குத் தெரியவில்லை, கை மட்டும் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

இன்று ஆபீஸில் வரைபடத்தை முடித்தேன். முன்பு நான் பச்சை பூசிய இடத்தில் மண்நிறம் போட்டேன், கொசோங் கொசோங் என்று ஒவ்வொரு புள்ளியாக. இரண்டாவது கயிற்றில் புல்லைப் போட்டேன், தாயும் குட்டியும் போன தடத்தை இரண்டு கோடாகப் போட்டேன். அந்தக் கோடுகள் போய் முட்டுகிற இடம் வெள்ளை. அதை வெள்ளையாகவே விட்டேன். காற்றுமழையால் அளக்க முடியவில்லை, தடம் இத்திசையில் தொடர்கிறது, மறுபடி அளக்காமல் இங்கே எதுவும் செய்யக் கூடாது என்று ஸ்ரீதரன் அதன்மேல் எழுதச் சொன்னார். எழுதினால் மட்டும் கேட்டுவிடுவார்களா என்று கேட்டேன். தெரியாது அக்கா, ஆனா இப்ப அங்க ஒண்ணும் இல்லன்னு எவனும் சொல்ல முடியாது என்றார். அடுத்து அளக்கப் போகும் அமாவாசைவரை சேறு கொட்டாமல் இருப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குட்டியை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் சோற்றுத் தட்டின் முன்னால் அதன் நினைப்புத்தான் வருகிறது.

இனி உன் காரியம். வெள்ளிக்கிழமை எழுதியதில், நீ சொன்னது எனக்குச் சம்மதம் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதை அடிக்கவில்லை, அன்றைக்கு அதுதான் உண்மை. இன்றைக்கு இல்லை. அந்தப் பெண் பார்க்க ஆசைப்பட்ட ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, என் விசிலுக்கு அதைப் போட்டுவிட்டு வந்தாள். அவளை மூளையில்லாதவள் என்று நீ இனிமேல் சொன்னால் நான் பொறுக்கமாட்டேன். மலர் இதைக் கொடுத்த அன்றே தங்கையைக் கூப்பிடு. முதலில் எடுக்கமாட்டாள், மறுபடி கூப்பிடு. மன்னிப்பு கின்னிப்பு என்று நாடகம் போடாதே, அவளுக்குப் பிடிக்காது. கால்களுக்கு எண்ணெய் தடவு, வேளைக்குச் சாப்பிடு, காதை மூடும் குல்லா இல்லாமல் வெளியே போகாதே. நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும், உன்னைக் கவலைப்படுத்த ஒரு தங்கையோடும் எப்போதும் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மன் மேல் ஆணையாக வாழ்த்துகிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. அவள் அமாவாசைக்கு மறுபடி போகிறாள். போகாதே என்று சொல்லாதே தம்பி. யார் வானம் பார்க்கிறது என்று மட்டும் கேள். அம்மா என்று சொல்வாள். சொன்னதும் போனை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கு.

உன் அன்பு அம்மா,
யோகேஸ்வரி லெட்சுமணன்